பதினேழாம் எண் தொழிலாளி

ஒசெல்லா பிட்மனுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, இறங்கும். அவள் கத்திக்கொண்டிருக்கும்வரை ஆபத்தில்லை என்பது பெல்டன் ஊரில் அவளோடு வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். மெதுவாகப் பேச ஆரம்பித்தாளோ, பக்கத்து மேசைக்காரிகள் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நழுவிவிடுவார்கள். வேலையில் நிறம் பார்க்கக் கூடாது, ஆண் பெண் என்றும் பார்க்கக் கூடாது என்று வாஷிங்டன்காரர்கள் போட்ட சட்டம் நடைமுறைக்கு வந்த அந்த வருஷம், கோடையிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் அவள் மெதுவாகவே பேசினாள்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்தைந்து. பத்தொன்பது வயதில், குத்தகைக்காரன் மகளாகப் புகையிலைக் காட்டில் குனிந்தது போதும் என்று ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தவள். வந்து சேர்ந்ததும் புகையிலையிடம்தான். ஹெல்ம்ஸ்லி ஆலையின் கீழ்த்தளத்தில் காம்பு உரிக்கும் வேலை. காய்ந்த இலையின் நடுவில் ஓடுகிற தடித்த நரம்பை இலை கிழியாமல் உருவி எடுக்க வேண்டும். அதை இருபத்தாறு வருஷம் செய்தாள். காற்றுப் பட்டால் இலை நொறுங்கிப்போகும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் ஆணி அடித்து வைத்திருந்தார்கள். இலை நொறுங்காமல் இருந்தது. அதன் தூசியை இழுத்து இழுத்துப் பெண்களின் நெஞ்சுதான் நொறுங்கிப்போயிற்று. அதற்கு யாரும் ஆணி அடிக்கவில்லை.

மேல்தளத்தில் சிகரெட் செய்கிற மெஷின்கள் இருந்தன. அங்கே வெளிச்சம், காற்று, மின்விசிறி. வெள்ளைச் சீருடை போட்ட வெள்ளைக்காரப் பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். நீலச் சீருடை போட்ட கறுப்புப் பெண்கள் கீழே. கறுப்பு ஆண்கள் இரண்டு தளத்துக்கும் பீப்பாய் உருட்டினார்கள். ஒசெல்லாவின் புருஷன் ராய்ஸ் அப்படி உருட்டித்தான் முதலில் முதுகையும் பிறகு மூச்சையும் விட்டான். எட்டு வருஷம் ஆயிற்று. மூத்த மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இளையவள் இன்னும் பள்ளிக்கூடத்தில். வாடகையும் கரியும் மளிகையும் ஒசெல்லாவின் பத்து விரலில் நின்றன.

கீழ்த்தளத்து சூப்பர்வைசர் ஸ்டால். அவனுக்கு இருபத்தெட்டு வயதுகூட நிரம்பவில்லை. மேலே இருக்கும் பெண்களை ‘மிஸ்’, ‘மிசஸ்’ என்பான். கீழே வந்தால் தன் தாய் வயதுப் பெண்களை ‘ஏ பொண்ணு’ என்பான். நல்ல மனநிலையில் இருந்தால் ‘ஒசெல்லா’ என்று வெறும் பேரைச் சொல்லிக் கூப்பிடுவான். அதைப் பெரிய தயவு என்று நினைத்துக்கொண்டிருந்தான், மடையன்.

அதனால்தான் டாக்டர் தியோடோரா மேபின் முதல்நாளே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மேபின், ஊரிலுள்ள கறுப்பர் கல்லூரியில் சமூகவியல் ஆசிரியை. பல் டாக்டரின் மகள், கையுறை போட்டுக் கார் ஓட்டுகிறவர். எங்கள் தெருவில் அவருக்கு ‘ஊசி போடாத டாக்டர்’ என்று பெயர். காம்பு உரிக்கும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி எழுதப்போவதாக ஒரு சனிக்கிழமை வந்து நின்றார்.

“உள்ள வரலாமா, ஒசெல்லா?” என்றார், சிரித்த முகமாக.

ஒசெல்லா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். “ஸ்டால் என்னைப் பேர் சொல்லிக் கூப்புடறான். வயித்துப் பொழப்பு, பொறுத்துக்கறேன். நீங்க எந்தப் பொழப்புக்குக் கூப்புடறீங்க?”

மேபினின் முகம் செத்துவிட்டது. “மன்னிச்சுக்கங்க, மிசஸ் பிட்மன்.”

“அது! வாங்க, உக்காருங்க. கீரை கொதிக்குது, பேசிக்கிட்டே பாத்துக்கறேன்.”

அதற்குப் பிறகு பல சனிக்கிழமைகள் வந்தார். ஒசெல்லா சமைத்துக்கொண்டே பேசுவாள், மேபின் நோட்டில் எழுதுவார். ஆரம்பத்தில் விரல் நுனியால் கொறித்தவர், போகப்போகக் கீரைத் தண்ணீரில் சோளரொட்டியை முக்கி ஒழுங்காகச் சாப்பிடப் பழகினார். மனுஷி கெட்டவர் இல்லை. கேட்கத் தெரிந்தவர். ஒருநாள் கேட்டார்: “உங்களை அதிகமா அடிச்சது எது? கறுப்பா இருக்கறதா, பொம்பளையா இருக்கறதா, ஏழையா இருக்கறதா?”

ஒசெல்லா கரண்டியால் பானையைத் தட்டினாள். “இந்தாம்மா, இதுல கீரை இருக்கு, உப்பு இருக்கு, பன்னி எலும்பு இருக்கு. மூணு மணி நேரமா ஒண்ணா வெந்துருக்கு. இப்ப வந்து உப்பை மட்டும் தனியா எடுத்துக் காட்டுன்னா நான் எங்க போவேன்?”

மேபின் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். பிறகு அவசர அவசரமாக எழுதினார். தான் பத்து வருஷமாகச் சொல்லத் திணறியதை நீங்கள் சட்டென்று சொல்லிவிட்டீர்கள் என்றார். இனத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஆண்களைப் பற்றி எழுதுகிறார்கள், பெண்களைப் பற்றி எழுதுகிறவர்கள் வெள்ளைக்காரிகளைப் பற்றி எழுதுகிறார்கள், கூலிக்காரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கீழ்த்தளத்துக்கு இறங்கி வருவதே இல்லை என்று மூச்சுவிடாமல் பேசினார். ஒசெல்லாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆராய்ச்சியைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து காட்டியபோது அந்தப் பெருமை போய்விட்டது. கீரைப்பானைப் பேச்சு அதில் அப்படியே இருந்தது. அதன் கீழே ‘பதினேழாம் எண் தொழிலாளி’ என்று போட்டிருந்தது.

“என் பேர் எங்க?”

“பேரைப் போட்டா கம்பெனி வேலையை விட்டு எடுத்துடும். அதனால எல்லாருக்கும் எண்தான் குடுப்போம். எங்க படிப்புல அதுதான் முறை.”

“பதினேழு,” என்றாள் ஒசெல்லா. “சரி. ஜெயில்ல இருக்கற என் தம்பிக்கும் ஒரு நம்பர் உண்டு.”

ஆகஸ்டில், வேலைக்கு வந்த நேரம் பதிகிற கடிகாரத்துக்குப் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நரம்பு உரிப்பதற்கே மெஷின் வருகிறது, கிறிஸ்துமஸோடு காம்புக் கூடத்தை மூடுகிறோம். கூடவே இன்னொரு நோட்டீஸ்: புதுச் சட்டத்தை மதித்து மேல்தளத்தில் எட்டு மெஷின்களைக் கறுப்புத் தொழிலாளிகளுக்குத் திறந்துவிடுகிறோம், சர்வீஸ் வரிசைப்படி எட்டுப் பேரைக் கறுப்பர் யூனியன் கமிட்டி எழுதிக் கொடுக்கட்டும்.

சர்வீஸ் வரிசை என்றால் ஒசெல்லாவுக்கு மேலே யாரும் கிடையாது. கூடம் மூடினால் அவளுக்கு மிச்சமிருப்பது யார் வீட்டுச் சமையலறையிலோ தரை தேய்ப்பதுதான். மெஷின் கிடைத்தால் மகள் படிப்பை முடிப்பாள். அன்று மாலை வீட்டுக்குப் போகிற வழியில் ஆலைக்கு எதிர்ப்பக்கம் நின்று மேல்தளத்து ஜன்னல்களைப் பார்த்தாள். அவை திறந்திருந்தன. அங்கே நின்றால் இருமல் குறையும் என்று நினைத்தாள்.

செப்டம்பர் சனிக்கிழமை ஒன்றில், மவுண்ட் கில்போவா சபையில் மத்தியானக் கூட்டம். யூனியன் கூட்டமென்றால் எங்கள் சபையில் ஒரு வழக்கம்: ஆண்கள் முன்னால் உட்கார்ந்து தீர்மானம் போடுவார்கள், பெண்கள் பின்கட்டில் மீன் பொரிப்பார்கள். மீன் விற்ற காசு யூனியனுக்கு. அந்தச் சமையலுக்குத் தலைவி ஒசெல்லா. யூனியன் தலைவர் ஓசியா கிரிக்ஸ், சபையில் பாஸ்டருக்கு அடுத்த பதவியான டீக்கன். நல்ல குரல், நல்ல கோட்டு. அவர் ஜெபம் பண்ணினால் கல்லும் கரையும், மனைவி வாயைத் திறந்தால் மட்டும் அவர் கரையமாட்டார்.

“எட்டுப் பேர். படிக்கறேன், கேட்டுக்கங்க,” என்று டீக்கன் ஆரம்பித்தார். எட்டும் ஆண் பெயர்கள். கடைசியில் டெல்மர் கிரிக்ஸ், அவருடைய அண்ணன் மகன்.

சமையலறை ஜன்னலில் ஒசெல்லாவின் தலை தெரிந்தது. கையெல்லாம் சோளமாவு. “பிரதர் கிரிக்ஸ், இன்னொரு தடவ படிங்க.”

“சிஸ்டர் பிட்மன், மீன் கருகப்போவுது.” கூடம் சிரித்தது.

“மீன் என் பொறுப்பு, அது கருகாது. நீங்க படிங்க.”

படித்தார். அவள் மெதுவாகக் கேட்டாள்: “டெல்மருக்கு எத்தனை வருஷ சர்வீஸ்?”

“நாலு. ஆனா சிஸ்டர், இது குடும்பத்தைக் காப்பாத்தற ஆம்பளைங்களுக்கான வேலை…”

“எங்க வீட்டுல குடும்பத்தைக் காப்பாத்தறது யாரு? ராய்ஸோட ஆவியா?”

இந்தத் தடவை சிரித்தவர்கள் பெண்கள். டீக்கன் மேசையைத் தட்டினார். “இங்க பாருங்க. நம்ம ஆம்பளைங்களைப் பொறந்ததுலேருந்து சாகறவரைக்கும் ‘ஏ பையா’ன்னுதான் வெள்ளைக்காரன் கூப்பிட்டான். இன்னிக்குத்தான் நம்மாளு ஒருத்தன் தலை நிமிர்ந்து மெஷின் முன்னாடி நிக்கப்போறான். மொதல்ல இனம் ஜெயிக்கட்டும். பொம்பளைங்க விஷயத்த அப்புறம் பாப்போம்.”

“இனம்னா யாரு? நான் அதுல இல்லையா? மீன் பொரிக்கறப்ப மட்டும் நான் இனமா?”

அப்போது மேபின் எழுந்தார். கமிட்டியே அவரை அழைத்திருந்தது. ஆலை நிறம் பார்க்கிறது என்று வாஷிங்டனுக்கு அனுப்பும் புகார் மனுவோடு அவருடைய ஆராய்ச்சியையும் இணைக்க வேண்டுமாம், படித்தவர் எழுதியது என்றால் எடுபடும். “நான் நாப்பத்திரண்டு பெண்களைப் பாத்துப் பேசியிருக்கேன்,” என்றார். “முப்பத்தொரு பேருக்கு இருபது வருஷத்துக்கு மேல சர்வீஸ். இந்த லிஸ்ட்ல உள்ள யாருக்கும் அவ்வளவு கிடையாது.”

“ரொம்ப சந்தோஷம், டாக்டரம்மா. பேரைச் சொல்லுங்க.”

“சொல்லமாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.”

“அப்ப நான் மேனேஜர்கிட்டப் போயி என்னன்னு கேக்கறது? பதினேழாம் நம்பருக்கு ஒரு மெஷின் குடுங்க சார்னா?”

ஆண்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். மேபின் காகிதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒசெல்லா ஏப்ரனை அவிழ்க்காமல் கூடத்துக்குள் வந்தாள். “பதினேழு நான்தான். பேரு ஒசெல்லா மே பிட்மன். சர்வீஸ் இருபத்தாறு வருஷம். மேனேஜர்கிட்ட இதைச் சொல்லுங்க, எழுதித் தரணுமா?” பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினாள். “மத்தவங்களும் வாங்கடி. வந்து பேரைச் சொல்லுங்க.”

இரண்டே பேர் வந்தார்கள். மேசையில் இருபது வருஷம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்த லூபெர்த்தா, வாணலியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். லூபெர்த்தாவின் புருஷன் பெயர் லிஸ்டில் மூன்றாவதாக இருந்தது. மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு புருஷன், ஆளுக்கொரு பயம். யாரைக் குற்றம் சொல்வது? சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அத்தனை பேரும் வந்து நின்றிருந்தால் டீக்கனின் லிஸ்ட் அன்றே அடுப்புக்குப் போயிருக்கும்.

கடைசியில் பாஸ்டர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்: “பிரதர் கிரிக்ஸ், நியாயப்படி சிஸ்டர் பிட்மன் பேராவது வந்துதான் ஆகணும்.” டீக்கன் டெல்மரின் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் அவள் பெயரை எழுதினார். எல்லாரையும்விட அதிக சர்வீஸ் உள்ளவளை எட்டாவதாக எழுதினார். ஒசெல்லா அதைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். எட்டாவது மெஷினும் மெஷின்தான்.

அக்டோபரில் ஏழு பேரை மேலே கூப்பிட்டார்கள். ஒசெல்லா ஒரு வாரம் காத்திருந்தாள். பிறகு ஸ்டாலின் மேசை முன்னால் போய் நின்றாள்.

“சார், லிஸ்ட்ல எட்டுப் பேரு. ஏழு பேரு போயாச்சு.”

“அது ஆம்பளைங்க பாக்கற மெஷின், ஒசெல்லா. கனமா இருக்கும்.”

“அதே மெஷின்ல மேல பதினாலு பொம்பளைங்க நிக்கறாங்களே, சார்.”

“அது பொம்பளைங்க வரிசை. அது வேற. அதுல காலி இல்ல.”

“காலி வந்தா?”

“மேல உள்ள பொம்பளைங்களோட தங்கச்சிங்க, மகளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க.”

“அப்ப கறுப்பருக்குன்னு இடம் வந்தா நான் பொம்பளை. பொம்பளைக்குன்னு இடம் வந்தா நான் கறுப்பி. ரெண்டு வாசல்லயும் ஆளை நிறுத்தி வெச்சிருக்கீங்க.”

ஸ்டால் சிரித்தான். “நீ ரொம்ப யோசிக்கற. போ, இலை காயுது.”

டீக்கனிடம் போனாள். அவர் சபை வாசலிலேயே அவளை நிறுத்திப் பேசினார். “ஏழு பேரு உள்ள போயிருக்காங்க, சிஸ்டர். இப்ப சண்டை புடிச்சா அதுவும் போயிடும். கொஞ்சம் பொறுங்க. ஜெபத்துல வையுங்க.”

“எட்டாவது மெஷினை என்ன பண்ணாங்க?”

டீக்கன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார். அது தெரிய இன்னொரு வாரம் ஆயிற்று. லூபெர்த்தாதான் மேசையில் தலைநிமிராமல், புருஷன் சொன்னதாக முணுமுணுத்தாள்: “தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காங்களாம்.”

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒசெல்லா படியேறினாள். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் படியில் அவள் கால் பட்டதில்லை. நீலச் சீருடையைக் கண்டதும் மேலே இருந்த பெண்களின் பேச்சு நின்றது. ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். மெஷின்கள் வரிசையாக நின்றன. கடைசி மெஷின்மேல் தார்ப்பாய். ஒசெல்லா அதைத் தூக்கிப் பார்த்தாள். புது எண்ணெய் மினுங்கியது. வாராவாரம் அதைத் துடைத்து எண்ணெய் போட ஒரு ஆளை வைத்திருந்தார்கள். ஓடாத மெஷினுக்குக் கூலி கொடுக்க முடிந்தது, அவளைப் பக்கத்தில் நிறுத்த மட்டும் முடியவில்லை. நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு அவள்மீது அத்தனை வெறுப்பு இருந்தது என்பது அவளுக்கே புதிதாக இருந்தது. தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். அந்த மத்தியானம் அவள் யாரோடும் பேசவில்லை, மெதுவாகக்கூட.

இனி வாஷிங்டன்தான் என்று நினைத்தாள். மனு போயிருக்கிறது, அதோடு மேபினின் ஆராய்ச்சியும் போயிருக்கிறது, அதைப் படிக்கிறவன் மனுஷனாக இருந்தால் ஆள் அனுப்புவான். நவம்பர் முழுக்க அப்படி நினைத்துக்கொண்டே இலை உரித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை மேபின் வந்தார். உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அடுப்பில் சர்க்கரைவள்ளி வெந்துகொண்டிருந்தது.

“வாஷிங்டன்லேருந்து பதில் வந்துருக்கு,” என்றார். “கறுப்பருக்கு மேல்தளத்தைத் திறந்தாச்சு, ஏழு பேர் வேலை பாக்கறாங்க, அதனால புகார் முடிஞ்சுதுன்னு எழுதியிருக்காங்க.”

“பொம்பளைங்களைப் பத்தி நீங்க எழுதினதுக்கு என்ன சொன்னாங்க?”

மேபின் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். “அது போகல.”

“போகலைன்னா?”

“மனு அனுப்பறதுக்கு முந்தின நாள் டீக்கன் வந்தாரு. ரெண்டையும் சேத்து அனுப்பினா ரெண்டும் கெட்டுப்போகும், மொதல்ல ஆம்பளைங்க உள்ள போகட்டும்னாரு. அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துட்டு அனுப்பினேன். ஆனா விடமாட்டேன், மிசஸ் பிட்மன். அதைத் தனிப் புஸ்தகமாவே எழுதப்போறேன். முழுசா.”

“எப்ப வரும்?”

“ரெண்டு வருஷம் ஆகும்.”

“வெள்ளிக்கிழமை கூடத்தை மூடறாங்க.”

மேபின் அழுதார். ஒசெல்லாவுக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது. கூடத்தை மூடிய பிறகும் இவர் காரில் ஏறிக் கல்லூரிக்குப் போவார். தனக்குப் போக இடமில்லை. எழுந்து அடுப்பை அணைத்தாள்.

“நோட்டை எடுங்க,” என்றாள், மிக மெதுவாக. “நான் சொல்றதை எழுதுங்க. நம்பர் வேண்டாம். இனி என்கிட்டேருந்து புடுங்க வேலைன்னு ஒண்ணும் கிடையாது.”

மேபின் நோட்டை எடுத்தார்.

“ஒசெல்லா மே பிட்மன். எட்டாவது மெஷின் எனக்கு வரவேண்டியது. அதைத் தராதவன் பேரு ஸ்டால், அவனுக்கு மேல இருந்த மேனேஜர் பேரையும் கேட்டு எழுதுங்க. என்னைக் கடைசில தள்ளினவரு ஓசியா கிரிக்ஸ், டீக்கன்.”

“வாணலியைப் பாத்துக் குனிஞ்சவங்களை?” என்று மேபின் கேட்டார்.

ஒசெல்லா சற்று யோசித்தாள். “லூபெர்த்தா பேரைப் போடாதீங்க. அவ வீட்டுல அடி வாங்குவா. அவளுக்கு உங்க நம்பரைக் குடுங்க.” பேனா நிற்கும்வரை காத்திருந்தாள். “இன்னொரு பேரு விட்டுப்போச்சு.”

“யாரு?”

“பொம்பளைங்க பக்கத்தைக் கிழிச்சவங்க.”

“கிழிக்கல, மிசஸ் பிட்மன்… தனியா எடுத்து வெச்சேன்.”

“அதை அப்படியே எழுதுங்க. உங்க முழுப் பேரோட.”

மேபின் அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை ஒசெல்லா பக்கத்திலேயே நின்றாள்.